நரம்பு கிடைக்கும்போதே

நாயின் முன்னங்காலில், முழங்கைக்குக் கீழே முன்பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. ரத்தக்குழாய் என்பதுதான் சரியான சொல். ஆனால் ஊசி போடுகிறவர்களும் போட்டுக்கொள்கிறவர்களும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முடியை மழித்துவிட்டு, கூட இருப்பவர் முழங்கையைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலால் மேலே அழுத்தி, லேசாக வெளிப்பக்கம் உருட்டினால், ஓரளவு தெம்புள்ள நாய்க்கு அந்த நரம்பு தோலுக்கடியில் சணல் நூல் மாதிரி எழும்பி நிற்கும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். நாலு நாளாகத் தண்ணீர் இறங்காமல், காது நுனியும் பாதமும் சில்லிட்டுக் கிடக்கும் நாய்க்கு எவ்வளவு அழுத்தினாலும் அது எழும்பாது. ஊசி உள்ளே போனாலும் ரத்தம் திரும்பி வராது. வந்தாலும், மருந்தைத் தள்ளும்போது நரம்பு கிழிந்து பக்கத்தில் புடைக்கும்.

தீராத நோயில் கிடக்கும் வளர்த்த பிராணியை வீட்டிலேயே ஊசி போட்டு, வலியில்லாமல் சாகவிட்டு அனுப்பிவைப்பது நல்லபடியாக முடிவதும் கோரமாக முடிவதும் பெரும்பாலும் இந்த நரம்பைப் பொறுத்துத்தான். "கடைசி வரைக்கும் பார்த்துட்டோம் டாக்டர், இனி முடியாது" என்று சொல்லிக் கூப்பிடும்போது, அந்தக் கடைசி என்பது நரம்பு அமுங்கிப்போன கடைசியாக இருக்கிறது. பார்த்துக்கொண்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாலு நாளின் விலையைக் கடைசி அரைமணி நேரத்தில் நாய்தான் கொடுக்கிறது. ஒருநாள் பிந்துவதைவிட மூன்று நாள் முந்துவது மேல்.

பத்திரிகைகள் இதைக் கருணைக்கொலை என்கின்றன. அதில் உள்ள 'கொலை' பாதிப் பேரைப் போன் எடுக்கவிடாமல் செய்கிறது. டாக்டர்கள் "தூங்க வெச்சிடலாம்" என்பார்கள், ஊர்ப்பக்கம் "ஊசி போட்டுடலாம்" என்பார்கள். ஊசி என்ற சொல்லே போதும். 'தூங்க வைப்பது' என்று மட்டும் சின்னக் குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அன்று ராத்திரி அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும். "உடம்பு சரியாகாது, டாக்டர் வலி இல்லாம சாக உதவி பண்றார்" என்று உள்ளதைச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிகிறது.

முடிவு மாதிரித் தெரிந்தாலும் முடிவு அல்லாதவை

ஊசி கேட்டு வரும் போன்களில் சில, ஊசியே தேவைப்படாதவை. முதலில் புழு வைத்த புண். காதடியிலோ வாலடியிலோ இரண்டு விரல் போகிற அளவு ஓட்டை, உள்ளே நெளிகிறது, வீடு முழுக்க நாற்றம். பார்க்கிறவர்களுக்கு அந்த நிமிடமே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சுலபமாக ஆறுகிறவற்றில் அது ஒன்று. டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்தால் புழுக்கள் மூச்சுக்கு மேலே வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். தினம் சுத்தம் செய்து மருந்து கட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் சதை மூடிக்கொள்ளும். இதைக் கருணைக்கொலைக்குக் காரணமாகச் சொல்கிறவர்கள் புண்ணைப் பார்க்கிறார்கள், நாயைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அந்த நாய் எதிரிலேயே சோற்றை நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்து ரத்தம் சொட்டுவது அடுத்தது. நாய்க்கு நாய் தொற்றும் கட்டி அது. வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரம், அநேகமாகச் சுத்தமாகக் கரைந்துவிடும். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெள்ளைக் காகிதமாகி, மூக்கில் ரத்தம் வந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுக்கும். டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கிண்ணத்தைத் தேடி வருகிறவை நிறைய. ஆனால் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் மறுபடி வரும். திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டால், விரலிடுக்கில் அழுத்திக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். காலை இழுத்துக்கொள்வது கணக்கில்லை, அது வெறும் அனிச்சை. திரும்பிப் பார்த்தாலோ கத்தினாலோ உணர்ச்சி மேலே போகிறது என்று அர்த்தம், காத்திருக்க இடமுண்டு.

இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது சிறுநீரகம் போனது, இதயம் பெருத்து நெஞ்சில் நீர் கோத்தது, எலும்பிலும் மண்ணீரலிலும் வந்த புற்றுநோய், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் நிற்காத வலிப்பு, எல்லாம் சேர்ந்த முதுமை. சிறுநீரகத்துக்கு, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் நாய்களுக்கு அது நாலாம் கட்டம், கடைசிக் கட்டம். எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. எண்ணோடு வாந்தியும், வாயில் புண்ணும், தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவதும் சேர்ந்தால்தான் பேச்சு. இதய நோயாளிக்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று: தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் விலாலோபோஸ் 2004இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற கணக்கு. ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அதன் கணக்கு. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நல்ல கருவிதான். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடும்போது எல்லோரும் கூட்டிப் போடுகிறோம். எலும்பு நொறுங்கினாலும் எஜமானைக் கண்டால் வால் ஆடும், அது நாயின் சுபாவம். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் வேறு வழி வைத்துக்கொள்வது நல்லது: அது விரும்பிச் செய்த மூன்று காரியங்களைத் தினசரிக் காலண்டர் அட்டையில் எழுதுங்கள். கேட் சத்தத்துக்கு எழுந்து ஓடுவது, மொட்டைமாடிப் படி ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை கறி வேகும்போது அடுப்படி வாசலில் வந்து உட்காருவது. மூன்றில் இரண்டு நின்று ஒரு வாரம் ஆனால் டாக்டரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது.

பூனை இதையெல்லாம் காட்டிக்கொடுக்காது. கட்டிலடி, பீரோ பின்னால், பரண் என்று ஒதுங்கும். முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, கால்களை உள்ளே மடக்கி உட்கார்ந்திருப்பது வலியின் உருவம். உடம்பை நக்கிக்கொள்வதை நிறுத்தி, முதுகு முடி சிக்குப் பிடித்துவிட்டால் பல நாளாகவே சரியில்லை என்று பொருள்.

வலிக்கு வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது

இங்கே சொல்வது வேலூர்ப் பக்கத்துக் கணக்கு. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மூன்றிலும் சேர்த்து அரசுக் கால்நடை மருந்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் காலைப்பொழுது மாட்டுக்கும் ஆட்டுக்கும் போய்விடுகிறது. மாட்டு டாக்டர் என்று ஊரில் சொல்வதில் இளக்காரம் ஏதுமில்லை. கறவை மாட்டின் கழுத்து நரம்பை இருட்டிலும் கண்டுபிடிக்கிற கை அது. நாலு கிலோ பொமரேனியன் காலில் தினமும் கேனுலா, அதாவது நரம்புக்குள் விட்டு வைக்கும் மெல்லிய குழாய், போடுகிற கை வேறு. ராணிப்பேட்டையில் பெரிய நிலையம் இருக்கிறதே என்று நாயைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், அது கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கிற இடம். காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று ஊருக்குள்ளேயே நாய், பூனை பார்க்கும் தனியார் மருத்துவர் யார் என்பதை, நாய்க்குப் பத்து வயது ஆனவுடனேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு விசாரிக்கிற காரியம் இல்லை அது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வைத்தியம் செய்யலாம். கம்பவுண்டர், மருந்துக்கடைத் தம்பி, ஊசி போடத் தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணன், யாரும் இதற்கு ஆகாது.

போனில் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

"டாக்டர், முதல்ல மயக்க ஊசி போட்டுட்டுத்தானே அப்புறம் அடுத்தது?"

"கேனுலா போட்டு வெச்சுக்குவீங்களா?"

"நரம்பு கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

முதல் கேள்விக்கு "அதெல்லாம் வேணாம்மா, ஒரே ஊசிதான்" என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். காரணம் இது. பாடப்புத்தகம் சொல்லும் மருந்து பென்டோபார்பிட்டல். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, மாவட்ட ஊர்களில் சுலபமாகக் கிடைக்காது. அதனால் இங்கே பெரும்பாலும் தயோபென்டோன்தான். சிறு குப்பியில் மங்கிய மஞ்சள் பொடியாக வரும், போடுவதற்குச் சற்று முன் தண்ணீர் கலந்து கரைப்பார்கள். மூளையை முதலில் அணைக்கும், அதன் பிறகு மூச்சு, அதன் பிறகு இதயம். இந்த வரிசைதான் முக்கியம். சிலர் கடைசியில் இதயத்தை நிறுத்த மக்னீசியம் சல்ஃபேட்டோ பொட்டாசியம் குளோரைடோ சேர்ப்பார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போது அது தவறில்லை. மயக்கமே இல்லாமல் அதை மட்டும் போட்டால், வரிசை தலைகீழாகிறது. மக்னீசியத்தில் உடம்பு அசையாது, உள்ளே விழிப்பு இருக்கும். பொட்டாசியமோ நரம்பு நெடுக எரிச்சலோடு இதயத்தைப் பிடிக்கும். வெளியே நிற்கிறவர்களுக்கு அமைதியாகப் போனது போலத் தெரியலாம். விழித்திருக்கும் நாயின் நெஞ்சில் நேராக ஊசி இறக்குவதும் அதே ரகம்தான். ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தை இதயத்தில் ஏற்றிக் கொல்வதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கி வைத்திருக்கிறது.

தூக்க மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. நாய் பாதி மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாயில் போய், ஒரு பகல் முழுக்கத் திணறிக்கொண்டு கிடக்கும். கழனிக்குப் போடும் குருணை மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இடையில் ஒன்று, இதைத் தள்ளிப் படித்துவிடாதீர்கள். நாய்க்குக் குரல் மாறியிருந்தால், தாடை தொங்கினால், எச்சில் நூலாக ஒழுகினால், விழுங்க முடியாமல் தவித்தால், காரணமில்லாமல் பாய்ந்தால், அது வெறிநோயாக இருக்கலாம். அப்போது மடியில் வைத்து வழியனுப்பும் பேச்சே கிடையாது. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தப்பு. அறையைச் சாத்திவிட்டு, டாக்டரிடம் சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். கடியோ கீறலோ எச்சிலோ பட்டவர்கள் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதே போல, கடந்த பத்து நாளுக்குள் யாரையாவது கடித்த நாய் என்றால் அதை மறைத்து ஊசி போடச் சொல்லாதீர்கள். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு நன்றாக இருந்ததா என்பதுதான் கடிபட்டவரின் சிகிச்சைக்குத் துணை செய்யும் தகவல்.

முதல்நாள் வேலை

குழியை முதல்நாளே வெட்டி வைத்துவிட வேண்டும். உயிரோடு இருக்கும்போதே குழியா என்று ஆயா திட்டுவார், திட்டட்டும். சித்திரை வெயிலில் வேலூர் மண்ணைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலையடிவாரப் பக்கத்து மனைகளில் இரண்டடிக்குக் கீழே மொரம்பு, அதற்குக் கீழே பாறை. "இன்னா சார், கடப்பாரை எகிறுது, இத்தினிக்கு மேல எறங்காது" என்று வெட்டுகிற ஆள் நிறுத்திக்கொண்டால், பக்கத்தில் உடலை வைத்துக்கொண்டு வேறு இடம் தேட முடியாது. முந்தின ராத்திரி அந்த இடத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் மேல்மண் இளகும். நாட்டு நாய்க்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நாலடி ஆழம். முப்பது கிலோ லேப்ரடார் என்றால் நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், நாலரை அடி ஆழம். படுத்த உடலுக்கு மேலே மூன்றடி மண் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. குடிநீர்க் கிணறோ போர்வெல்லோ நூறடிக்குள் இருக்கக் கூடாது.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பலர் சம்மதிப்பதில்லை. அப்போது சொந்தக்காரர் கழனி வரப்போரம்தான் வழி. பாலாறுதான் காய்ந்து கிடக்கிறதே என்று ஆற்றுக்குள் புதைப்பது பழக்கமாக இருக்கிறது, செய்யாதீர்கள். மணலில் குழி நிற்காது, இரண்டடி போவதற்குள் பக்கம் சரியும். பல ஊர்களின் குடிநீர்க் கிணறுகள் ஆற்றுப்படுகையிலேயே இருக்கின்றன. ஆறு எப்போதும் காய்ந்தே இருக்கும் என்பதும் இல்லை. 2021 நவம்பரில் கரைபுரண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிக்க விரும்பினால் செல்லப்பிராணிகளுக்கான வசதிக்குச் சென்னையோ பெங்களூரோதான் போக வேண்டும். வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெங்களூர் 210. கோடையில் ஐஸ் இல்லாமல் அந்தப் பயணம் ஆகாது, கிளம்பும் முன் அங்கே நேரம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேரத்துக்கு விடியற்காலை ஆறு மணி மாதிரி எதுவும் இல்லை. நாய்க்கும் மூச்சு வாங்காது, டாக்டருக்கும் அவசரம் இருக்காது, எட்டு எட்டரைக்குள் மண்ணும் மூடிவிடலாம். பகல் நாற்பது டிகிரியில் செய்தால் எல்லாமே கெடும். டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை முதல்நாளே கொடுத்துவிடுங்கள். உடலுக்குப் பக்கத்தில் நின்று ஜிபே ஸ்கேனர் தேடுவது இரண்டு பேருக்குமே சங்கடம். ஒப்புதல் கடிதத்தையும் அப்போதே எழுதி வைத்துவிடலாம்: பிராணியின் பெயர், நிறம், வயது, நோய், யாரையும் பத்து நாளுக்குள் கடிக்கவில்லை என்ற வரி, கையெழுத்து.

அந்த ஒரு மணி நேரம்

அது வழக்கமாகப் படுக்கும் இடமே நல்ல இடம். மேசைமேல் தூக்கி வைக்க வேண்டியதில்லை, டாக்டர் தரையில் உட்கார்ந்துகொள்வார். அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் போடும் பேட் இரண்டு, அதன்மேல் அதனுடைய பழைய போர்வை. வெளிச்சம் வேண்டும், மங்கலான நைட் லாம்பில் நரம்பு தெரியாது. கரண்ட் போனால் சமாளிக்க ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாய் இருந்தால் அதை அப்போது கட்டி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் அவிழ்த்துவிட்டு மோந்து பார்க்க விடலாம்.

பிடித்ததைத் தின்னக் கொடுக்கலாம், கொஞ்சமாக. இரண்டு பிஸ்கட், ஒரு துண்டுக் கறி. வயிறு முட்டக் கொடுத்தால் மயக்க ஊசிக்கு வாந்தி வரும். இங்கே அதிகம் போடப்படும் ஸைலஸீன் நாயையும் பூனையையும் வாந்தி எடுக்க வைக்கிற மருந்து.

பேச வேண்டியதை, தடவ வேண்டியதை மயக்க ஊசிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பெரிய ஊசிதான் கடைசி என்று நினைத்து அதற்காகக் காத்திருக்கிறார்கள். நாயைப் பொறுத்தவரை முதல் ஊசியிலேயே அது உங்களை விட்டுப் போய்விடுகிறது. தொடையில் போடும்போது சுருக்கென்றதும் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை தாழும், குறட்டை வரும், நாக்கு வெளியே சரியும். ரத்த ஓட்டம் மந்தமான கிழ நாய்க்கு அரைமணி வரைகூட ஆகலாம். வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம், உலுக்கவும் வேண்டாம்.

அடுத்தது கேனுலா. நாய்க்கு நீலக் கொண்டை வைத்த 22, பூனைக்கும் குட்டிகளுக்கும் மஞ்சள் கொண்டை வைத்த 24. உதவியாள் இல்லாமல் டாக்டர் தனியாக வந்திருந்தால், காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துவது வீட்டாரில் ஒருவர் வேலை. அழுகிறவரிடம் கொடுக்காதீர்கள், கை நடுங்கும். கொண்டையில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் "விடுங்க" என்பார், அப்போது கட்டைவிரலை மட்டும் தளர்த்த வேண்டும், காலை விட்டுவிடக் கூடாது. முதலில் இரண்டு மில்லி சலைன் தள்ளிப் பார்ப்பார். பக்கத்தில் புடைக்காமல் உள்ளே போனால் வழி சரி. இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகத் தயோபென்டோனைத் தள்ளி, ஊசி நரம்புக்கு வெளியே இருந்துவிட்டால், காரமான அந்த மருந்து சதையை எரிக்கும். மயக்கம் மேலோட்டமாக இருந்தால் நாய் அலறி எழும். வீட்டாரின் மனதில் பல வருஷம் நிற்கிற காட்சி அதுதான், அதற்குக் காரணம் தள்ளிப் பார்க்காமல் விட்ட இரண்டு மில்லி சலைன்.

முன்னங்காலில் கிடைக்காவிட்டால் பின்னங்காலின் வெளிப்பக்க நரம்பைப் பார்ப்பார். அங்கேயும் இல்லையென்றால் மயக்கத்தை ஆழப்படுத்திவிட்டு வேறு வழியில் கொடுக்க வேண்டியிருக்கும். பூனைக்கும் குட்டிக்கும் வயிற்றுக்குள் கொடுப்பதுண்டு, ஆனால் மருந்து ஊறி ஏற நேரமாகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த நேரத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

கடைசி மருந்து போகத் தொடங்கினால் ஒன்றிரண்டு நிமிடம்தான். ஒரு பெருமூச்சு, பிறகு விலா அசையாது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுக்காமல் சில நிமிடம் தொடர்ந்து கேட்க வேண்டும், கருவிழியை மெல்லத் தொட்டும் பார்க்க வேண்டும். இமை துடிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு முறை வாய் திறந்து மூச்சிழுப்பது போல இருக்கலாம், தோளில், உதட்டில் தசை துடிக்கலாம். உயிர் திரும்பி வரவில்லை, தசையில் மிச்சமிருந்தது அடங்குகிறது. இதை முன்பே சொல்லி வைக்காத டாக்டர்களால்தான் "உயிர் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க" என்ற பேச்சு வருகிறது. சிறுநீரும் மலமும் வெளியேறும். கண் திறந்தே இருக்கும். இமையை இழுத்து மூடினாலும் திறந்துகொள்ளும், விட்டுவிடுங்கள்.

ஊசி, குப்பி, கேனுலா எல்லாவற்றையும் டாக்டரையே எடுத்துப்போகச் சொல்லுங்கள். குப்பைவண்டியில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும்.

மண்

விறைப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கும், வெயிலில் இன்னும் சீக்கிரம். அதற்கு முன்பே நாலு காலையும் உள்ளே மடக்கி, தலையைச் சாய்த்து, தூங்கும் வாக்கில் வைத்துவிட வேண்டும். நீட்டியபடி விறைத்துவிட்டால் வெட்டிய குழியில் அடங்காது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே துணியில் சுற்றிவிடுங்கள். ஒரு காரணம் உண்டு: உடம்பின் சூடு இறங்க இறங்க, அதில் இருந்த உண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரைக்கு இறங்கும். சுவர் இடுக்கில் ஏறிக்கொண்டால் அடுத்து வருகிற நாய்க்குக் காத்திருக்கும்.

சுற்றுவதற்குப் பருத்தி வேட்டி, பழைய புடவை, கோணிப்பை, எதுவும் ஆகும். பாலிதீன், ரெக்ஸின், அரிசி வரும் பிளாஸ்டிக் சாக்கு கூடாது, உள்ளே மக்காமல் ஊறிக்கொண்டே இருக்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வரும் வரை வைத்திருக்க வேண்டுமென்றால் ஐஸ் பார் இரண்டு வாங்கி, உடைத்துப் பையில் கட்டி, வயிற்றோடு ஒட்டி வையுங்கள். வீக்கம் தொடங்குவது வயிற்றில்தான், தலைமாட்டில் வைக்கும் ஐஸால் பிரயோஜனமில்லை. ப்ரீசர் பெட்டி வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம், நாய்க்கென்றால் தருகிறவர்கள் குறைவு. மே மாதத்தில் ஐஸோடும் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு நாற்றம் மட்டும் காரணமில்லை. ஊசியில் போன மருந்து உடலிலேயே இருக்கிறது. தெருநாயோ நரியோ தோண்டித் தின்றால் அதுவும் மயங்கும், சாகவும் சாகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளை நாடு முழுக்க அழித்ததும், 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்ததும் தெரிந்த கதை. மருந்து உயிரோடு முடிந்துவிடுவதில்லை.

உப்பும் சுண்ணாம்பும் கொட்டினால் சீக்கிரம் மக்கும் என்று மூட்டையோடு வருவார்கள். இரண்டும் மக்குவதைத் தாமதப்படுத்துகிற பொருள்கள். சாங்கியத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு, மஞ்சள், பூ போடுவதில் தப்பில்லை, வேலையைச் செய்வது வெறும் மண்தான். தோண்டிய மண்ணை ஓரடிக்கு ஒருமுறை காலால் மிதித்துக் கெட்டித்து, தரைமட்டத்துக்கு மேலும் ஒரு அடி மேடாக எழுப்புங்கள். மேலே கருங்கல் நாலைந்து, அதன்மேல் வேலிகாத்தான் முள் ஒரு கட்டு. கல்லை உருட்டிவிடும் தெருநாய், முள்ளில் மூக்கை வைக்காது. அன்றைக்கே செடி நட ஆசைப்படுவார்கள். கீழே மக்கிக்கொண்டிருக்கும், நாலைந்து மாதம் போகட்டும்.

வீட்டுக்குள் வந்தபின் பிளாஸ்டிக் விரிப்பைப் பினாயில் போட்டுக் கழுவி, போர்வையைக் கொதிநீரில் ஊறப்போட்டு, மிச்சமிருக்கும் வலி மாத்திரைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து, டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். சாப்பாட்டுக் கிண்ணத்தை என்ன செய்வது என்பது அவரவர் பாடு.

குழி மேட்டை ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே இடம் விட்டு மண் இறங்கியிருக்கும், நடுவில் அரையடிக்குப் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கியிருக்கும். முள்ளைக் கழியால் ஒதுக்கிவிட்டு நாலு சட்டி மண் போட்டு, மிதித்து, முள்ளைத் திரும்ப வைக்க வேண்டும். தை பிறக்கும் வரை முள்ளை எடுக்காதீர்கள்.